மனை போட்ட இடத்தில் விலங்கு, பறவைகளைப் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஓசூர்வாசி:
சானமாவு காட்டுக்கு இந்தப் பக்கம் போட்ட சைட் பலருக்கும் தெரிந்திருக்கும். ராகி அறுவடை நேரம், இன்னும் விடியவில்லை. யானைகள் வழக்கமாகப் போகும் தடத்தில் புது காம்பவுண்ட் சுவர். முன்னால் வந்த பெரிய பெண் யானை தும்பிக்கையால் சுவரைத் தடவிக்கொண்டே மூலை வரை போய், திரும்பி வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றது. குட்டி அதன் வயிற்றுக்கடியில். பின்னால் ஊர் ஜனம் பட்டாசோடு நிற்கிறது, அது எங்கேதான் போகும்? கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக வருஷா வருஷம் வருகிற கூட்டம். பிளான் போடுமுன் ஊரில் ஒரு பெரியவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

பாலக்கோட்டான்:
யானைக்காவது பேச ஆள் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு தரிசை ஏப்ரலில் ஜேசிபி விட்டுச் சமன் செய்தார்கள். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் கல்லோடு கல்லாகத்தான் முட்டை வைக்கும். இரண்டு குருவியும் பக்கெட்டுக்கு நேராகப் பாய்ந்து பாய்ந்து கத்துகின்றன, டிரைவர் அண்ணன் நிறுத்தி இறங்கி முட்டையைக் காட்டினார், மேஸ்திரி "ஓட்டுப்பா" என்றுவிட்டார். அந்தக் கத்தல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மழைக்காலம் வரை பொறுத்திருந்தால் குஞ்சு பொரித்துப் போயிருக்கும்.

கிருஷ்ணகிரி சர்வேயர்:
ஓசூர்வாசி, சுவரை மட்டும் குறை சொல்லாதீர்கள், சுவர் இல்லையென்றால் யானை வீட்டு வாசலுக்கே வரும், உள்ளே இருப்பதும் நம் ஜனம்தான். தடத்தில் மனை பிரித்ததுதான் தப்பு. நான் அளந்த ஒரு லே-அவுட்டில் ஓடையை மண் போட்டு மூடி ரோடு போட்டார்கள், முதல் மழைக்கே சாரைப்பாம்புகள் ரோட்டுக்கு வந்து அடிபட்டுச் செத்தன.

மனை வாங்குகிறவர்கள் கிராம வரைபடத்தை வாங்கி ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். லே-அவுட் மொத்தம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும், அதை எதற்கும் உதவாத மூலையில் தள்ளாமல் ஓடைக் கரையோடு நீளமாக விடச் சொல்லுங்கள். அப்புறம் புதர் வெட்டுவது. நாலு பக்கமும் சுற்றி வெட்டினால் கீரி, முயல், உடும்பு எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும். ரோட்டுப் பக்கம் ஆரம்பித்து ஓடையைப் பார்த்து மெதுவாக வெட்டிக்கொண்டு போனால் அதுகளே நகர்ந்துவிடும். தெருவிளக்கு வெளிச்சமும் ஓடைப் பக்கம் விழக்கூடாது.

ஓசூர்வாசி:
சுவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. காட்டுப் பக்கம் இரண்டு வரிசை மனையைக் குறைத்துச் சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தால் அந்தக் கூட்டம் ஓரமாகப் போயிருக்கும். அதற்கு அங்கே இடம் இருந்தது.