புது ஏர் ரைபிள்: 10 மீட்டரில்கூட ஒரே இடத்தில் அடிக்கவில்லை, என்ன செய்யலாம்?

மடிப்பாக்கத்தான்:
வணக்கம். மூன்று வாரம் முன்பு ஒரு ஏர் ரைபிள் வாங்கினேன். .177 அங்குல அளவு, பேரலை (குழலை) மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் வகை. 4x32 ஸ்கோப் (குறி பார்க்கிற தொலைநோக்கி) ஒன்றைக் கடைக்காரரே மாட்டிக் கொடுத்தார். பெட்டியில் வினாடிக்கு 1000 அடி வேகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மாமாவுக்கு மதுராந்தகம் பக்கம் கொஞ்சம் நிலமும் நெல் மூட்டை அடுக்குகிற ஒரு கொட்டகையும் இருக்கிறது, அங்கே எலித் தொல்லை தாங்க முடியவில்லை, அதற்குத்தான் வாங்கினேன். கை பழகிவிட்டால் முயல், கவுதாரி என்று ஒரு ரவுண்டு போகலாம் என்பது மச்சானின் கனவு.

பிரச்சினை இதுதான். மொட்டைமாடியில் 10 மீட்டர் தூரத்தில் அட்டை வைத்து, இந்தப் பக்கம் மேஜை மேல் செங்கல், செங்கல் மேல் துப்பாக்கி என்று நன்றாகத் தாங்கல் கொடுத்துத்தான் சுடுகிறேன். அப்படியும் ஐந்து குண்டு காபி டம்ளர் வாய் அளவுக்குச் சிதறுகிறது. அளந்து பார்த்தேன், 7 செ.மீ. சில நேரம் இரண்டு குண்டு ஒரே ஓட்டையில் போகும், மூன்றாவது எங்கேயோ போகும். ஸ்கோப்பின் குமிழை 4 கிளிக் திருப்பினேன், ஒன்றும் மாறவில்லை. இன்னும் 10 கிளிக் திருப்பினேன், எதிர்ப்பக்கம் போகிறது! முதல் பத்துப் பதினைந்து குண்டுக்குப் புகையும் வெடிச் சத்தமும் வேறு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். இதுவரை 60 குண்டு சுட்டிருப்பேன். கடையில் கேட்டால் "பழகினால் சரியாயிடும் சார்" என்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாமா, இல்லை ஸ்பிரிங்கை மாற்றினால் சரியாகுமா?

வேளச்சேரி ஜி:
பாஸ், துப்பாக்கியை விடுங்கள், முதலில் மொட்டைமாடியை நிறுத்துங்கள். தவறிப்போன பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) சில நூறு மீட்டர் பறக்கும், மடிப்பாக்கத்தில் அத்தனை தூரத்துக்குள் எத்தனை பால்கனி, எத்தனை துணிக்கொடி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வீட்டுக்குள் நீளமாக ஒரு இடம் பாருங்கள், 10 மீட்டர் கிடைக்காவிட்டால் 7 போதும், அந்த நேரம் யாரும் குறுக்கே வராத மாதிரி கதவைத் தாழ் போடுங்கள். அட்டைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் களிமண்ணை ஓர் அடி கனத்துக்கு அடைத்து, அதன் முதுகில் இரும்புத் தகடு வைத்தால் குண்டு அங்கேயே புதைந்துவிடும். சுவரில் நேரடியாகச் சுட்டால் திரும்பி வரும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடவே சுடாதீர்கள்.

இரண்டாவது, மச்சானிடம் சொல்லிவிடுங்கள். முயல், கவுதாரி, காடை எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. 2022 திருத்தத்துக்கு அப்புறம் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், துப்பாக்கியும் போகும். சொந்த நிலம் என்பதெல்லாம் கணக்கில் வராது. கொட்டகை எலி வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

பெரம்பூர் ஃபிட்டர்:
தம்பி, துப்பாக்கி மேல் பழி போடும் முன் அந்தச் செங்கலைத் தூக்கி எறி.

ஸ்பிரிங் துப்பாக்கியில் நீ ட்ரிகரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, பிஸ்டன் போய் முட்டியதும் மறுபடி முன்னால் இழுக்கிறது. இத்தனையும் நடக்கும்போது குண்டு இன்னும் பேரலுக்குள்தான் இருக்கிறது. கெட்டியான பொருள் மேல் வைத்தால் துப்பாக்கி துள்ளும், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி துள்ளும். உள்ளங்கையை விரித்து, துப்பாக்கி சமநிலையில் நிற்கிற இடத்தில் அடியில் கொடு, விரலை மடக்கிப் பிடிக்காதே. கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும். தோளிலும் இறுக்காதே. உதைக்கிறபடி உதைக்கட்டும் என்று விடு, ஆனால் கை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இருக்கட்டும், ஸ்டாக்கில் (துப்பாக்கியின் மரக்கட்டைப் பகுதியில்) ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள். கைக்குக் கீழே அரிசிப் பை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஸ்டாக்கின் முன்பக்கம் இரண்டு பக்கமும் இருக்கிற ஸ்க்ரூ, ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ, எல்லாவற்றையும் அலன் கீ போட்டுப் பார். 60 குண்டில் நிச்சயம் தளர்ந்திருக்கும். இறுக்கும்போது முழுப் பலத்தைக் காட்டாதே, மரம் நசுங்கும். அப்புறம் பேரலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார், ஆட்டம் இருந்தால் பேரல் மடங்குகிற இடத்துப் பிவட் போல்ட்டைப் பார்க்க வேண்டும். பேரல் வந்து மூடுகிற இணைப்பு மேல் ஒரு கீற்று டிஷ்யூ பேப்பர் வைத்துச் சுடு, பேப்பர் பறந்தால் சீல் வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம், அது இருந்தால் மட்டும் கடைக்குப் போ.

புகை, வெடிச் சத்தம் பற்றிப் பயப்படாதே. தொழிற்சாலையில் போட்ட எண்ணெய் உள்ளே காற்றழுத்தச் சூட்டில் பற்றிக்கொள்கிறது, டீசல் இன்ஜின் மாதிரி. அது எரிந்து தீரும் வரை வேகம் குண்டுக்குக் குண்டு மாறும், குரூப்பை (ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதை) பார்த்து மனசு உடையாதே. 200, 300 குண்டு போகட்டும்.

ட்ரிபிள்கேன் மச்சி:
நண்பா இதெல்லாம் எதற்கு, கம்ப்ரஷன் ஓட்டையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடு, சும்மா தெறிக்கும். என் சித்தப்பா அப்படித்தான் செய்வார். ஸ்பிரிங்கும் கனமானது கிடைக்கிறது.

பெரம்பூர் ஃபிட்டர்:
தெறிப்பது பிஸ்டன் சீல். தம்பி, தயவுசெய்து செய்யாதே. பேரலுக்குள் மட்டும் துணித் துண்டை நூலில் கட்டி இழுத்துச் சுத்தம் செய், காய்ந்த துணி போதும். குண்டு இல்லாமலும் சுடாதே, பிஸ்டன் போய் உலோகத்தில் மோதும்.

வேளச்சேரி ஜி:
ஸ்பிரிங் விஷயத்தில் ஒரு கணக்கு. 2016 ஆயுத விதிப்படி .177க்கு மேல் போகாமல், 20 ஜூலுக்கு உள்ளே இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம். சாதாரண 8.4 கிரெயின் பெல்லட் என்பது சுமார் 0.54 கிராம். அது வினாடிக்கு 250 மீட்டரில் போனால் கிட்டத்தட்ட 17 ஜூல், 272 மீட்டரிலேயே 20ஐத் தொட்டுவிடும். பெட்டியில் போட்ட 1000 அடி என்பது 305 மீட்டர், அது மிக லேசான குண்டை வைத்து அளந்ததாகத்தான் இருக்கும். கனமான ஸ்பிரிங் போட்டால் உதைப்பும் கூடும், சட்டத்தையும் தாண்டும், குறி இன்னும் கெடும்.

வேகத்துக்கும் குறிக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நம்ம கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுகிற 10 மீட்டர் மேட்ச் ரைபிள் சுமார் 170 மீட்டர் வேகம்தான் இருக்கும், அந்தப் போட்டி அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்.

மடிப்பாக்கத்தான்:
எல்லாருக்கும் நன்றி. மாடியை மூட்டை கட்டியாச்சு. ஹாலிலிருந்து உள் அறைச் சுவர் வரை 8 மீட்டர் கிடைத்தது, களிமண் பெட்டி செய்துவிட்டேன் (அம்மா வாயில் விழுந்தது தனிக் கதை). முன் ஸ்க்ரூ இரண்டும் ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. பேரலில் ஆட்டம் இல்லை, டிஷ்யூ அசையவில்லை. செங்கலுக்குப் பதில் அரிசிப் பை, உள்ளங்கை. 7 செ.மீ. இப்போது 4 ஆகியிருக்கிறது. ஆனால் பத்துப் பதினைந்து குண்டுக்கு ஒரு தடவை மொத்தக் குரூப்பும் அப்படியே இடம் நகர்கிறது. அதுதான் புரியவில்லை.

பெரம்பூர் ஃபிட்டர்:
குரூப்பாக நகர்கிறதா, அப்போது கை இல்லை, ஸ்கோப். மவுண்ட்டுக்கு (ஸ்கோப்பைப் பிடித்திருக்கிற வளையத்துக்கு) பின்னால், அது மாட்டியிருக்கிற ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு 20 குண்டு சுடு. அப்புறம் கோட்டுக்கும் மவுண்ட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

மடிப்பாக்கத்தான்:
அடேங்கப்பா. ஒன்றரை மில்லிமீட்டர் பின்னால் போயிருக்கிறது.

பெரம்பூர் ஃபிட்டர்:
அதுதான் ஆள். கடைக்காரர் இரண்டு தனித்தனி வளையம் போட்டிருப்பார். ஒரே துண்டாக வருகிற மவுண்ட் வாங்கு, அடியில் ஸ்டாப் பின் இருக்க வேண்டும், துப்பாக்கியின் மேலே அதற்கு ஒரு குழி இருக்கும், பின் அதில் உட்கார வேண்டும். ரெயிலையும் மவுண்ட்டையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு மாட்டு. ஸ்கோப்பும் ஏர் கன்னுக்கு என்று செய்ததுதானா என்று பார், இரண்டு பக்கமும் உதைக்கிற இந்த உதையில் மற்ற ஸ்கோப் உள்ளே உடைந்துவிடும். புது மவுண்ட் வரும் வரை ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியிலேயே குறி பார்க்க இருக்கிற முன் சைட், பின் சைட் வைத்துச் சுடு, துப்பாக்கி எப்படி என்று அப்போதுதான் தெரியும்.

அம்பத்தூர் பெல்லட்:
குண்டையும் மாற்றிப் பாருங்கள் சார். ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு நாக்கு, அதற்குப் பிடித்ததைத்தான் சாப்பிடும். தலை அகலம் 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று வருகிறது, கூர்முனையை விடுத்து வட்டத்தலை வாங்குங்கள். ஒவ்வொரு வகையிலும் முதல் பத்தைக் கணக்கில் எடுக்காமல், அடுத்து ஐந்து ஐந்தாக மூன்று குரூப். டப்பாவைக் கவிழ்த்துப் பாவாடை (குண்டின் விரிந்த பின்பக்கம்) நசுங்கியதைத் தனியே போடுங்கள், மலிவு டப்பாவில் நூற்றுக்குப் பத்தாவது தேறாது. அப்புறம், பெல்லட் ஈயம். வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வேளச்சேரி ஜி:
அந்தக் கிளிக் குழப்பத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கால் மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் மினிட்) ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 கஜத்தில் சுமார் கால் அங்குலம். உங்கள் 10 மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 4 கிளிக் திருப்பினால் 3 மி.மீ. நகரும், குண்டே 4.5 மி.மீ. தடிமன், அதுவும் 7 செ.மீ. சிதறலில் எங்கே தெரியப் போகிறது? 2 செ.மீ. நகர்த்த 27, 28 கிளிக் வேண்டும். குரூப் சுருங்கும் வரை குமிழைத் தொடாதீர்கள். இன்னொன்று, விலை குறைந்த ஸ்கோப் நிறைய 100 கஜத்துக்குத்தான் செட் ஆகியிருக்கும், 10 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறி நகரும். கன்னத்தை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள்.

மடிப்பாக்கத்தான்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மொத்தம் 340 குண்டு ஆச்சு. புகை நின்றுவிட்டது, சத்தமும் பாதியாகிவிட்டது. ஸ்டாப் பின் உள்ள மவுண்ட் போட்டேன், பென்சில் கோடு இன்னும் மவுண்ட்டை ஒட்டியே இருக்கிறது. நான்கு வகை பெல்லட் வாங்கினேன். குரூப் அளவு: கடைக்காரர் கொடுத்த கூர்முனை 31 மி.மீ., லேசான தட்டைத்தலை 24, கனமான 10 கிரெயின் 22, வட்டத்தலை 8.4 கிரெயின் 4.52 மட்டும் 12. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் ஐந்து ஓட்டையும் அடியில் மறைகிறது! அந்த அட்டையைக் கிழிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். கொட்டகையில் எத்தனை மீட்டருக்கு ஜீரோ செய்யலாம் (குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேர ஸ்கோப்பை வைக்கலாம்)?

பெரம்பூர் ஃபிட்டர்:
நல்லது தம்பி. 25 மீட்டருக்கு வை. ஸ்கோப் பேரலுக்கு 4 செ.மீ. மேலே இருப்பதால் 10 மீட்டரில் ஒரு செ.மீ. போலக் கீழே அடிக்கும், 15லிருந்து 25 வரை குறி வைத்த இடத்திலேயே விழும். எலிக்கு 15 மீட்டரைத் தாண்டாதே, தலை தெளிவாகத் தெரியாவிட்டால் விட்டுவிடு. மூட்டைக்குப் பின்னால் தகரச் சுவரா, மண் சுவரா என்று பகலில் பார்த்து வை. எலி வரும் வரும் என்று ராத்திரி பூரா லோடு செய்து வைத்துக்கொண்டு உட்காராதே, ஸ்பிரிங் சோர்ந்துவிடும், கைதவறினால் ஆபத்து வேறு.

மடிப்பாக்கத்தான்:
போன சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். 25க்கு ஜீரோ செய்தாச்சு, நீங்கள் சொன்னபடி 10 மீட்டரில் ஒரு செ.மீ. கீழேதான். தகரச் சுவர் என்பதால் பின்னால் மணல் மூட்டை அடுக்கினேன். இரண்டு ராத்திரியில் மூன்று எலி. மாமா அதற்குள் செங்கல்பட்டிலிருந்து ஐந்து பொறி வாங்கி வைத்திருந்தார், அதில் பதினொன்று. மச்சான் கவுதாரிப் பேச்சை எடுக்கவில்லை, 1 லட்சம் என்றதும் அடங்கிவிட்டான். அம்பத்தூர் பெல்லட் சார், அந்த 4.52 கடையில் தீர்ந்துவிட்டது, உங்கள் பக்கம் எங்காவது கிடைத்தால் இரண்டு டப்பா எனக்காக எடுத்து வைக்கச் சொல்ல முடியுமா?