50 எம்எம் 1.4 லென்ஸில் கண்ணுக்குப் பதில் காது ஷார்ப்பாக வருகிறது, லென்ஸை மாற்றலாமா?

புதுக்கண்:
எல்லோருக்கும் வணக்கம். நிக்கான் டி7200 வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு 50 எம்எம் 1.4 வாங்கினேன். நிக்கானுடையது இல்லை, வேறு கம்பெனி. பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

முகத்தை நெருக்கமாக எடுத்தால் கண் மங்கலாகவும் காதோர முடி ஷார்ப்பாகவும் வருகிறது. போன வாரம் அக்கா மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து லென்ஸை முழுக்கத் திறந்து 1.4இல் 40 படம் எடுத்தேன். கண்ணில் சரியாக விழுந்தது 13. மீதியில் பெரும்பாலும் காது, சிலவற்றில் மூக்கு நுனி. லென்ஸ் திறப்பை 2.8க்கு மூடினால் தப்பிக்கிறது. அதற்கு எதற்கு 1.4 லென்ஸ் என்று வீட்டில் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான்.

இதைத் தள்ளிவிட்டு நிக்கான் 50 1.8ஜி வாங்கலாமா, 1.4ஜி வாங்கலாமா, இல்லை கடன் வாங்கியாவது சிக்மா 50 1.4 ஆர்ட்டுக்குப் போகலாமா? எது ஷார்ப், எதன் ஆட்டோஃபோகஸை நம்பலாம்? மாதக் கடைசியில் சித்தி மகளுக்கு வளைகாப்பு, படம் எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்யாண கேமரா:
1.8ஜி. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

தூண்டில்:
கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததால்தான் காதில் போய் விழுகிறதோ என்னவோ.

சில்வர் ஹாலைடு:
தம்பி, பணத்தை எடுக்கும் முன் ஒரு கணக்குப் பாருங்கள். 40இல் 27 தவறு என்கிறீர்கள். அந்த 27இல் கண்ணுக்குப் பின்னால் விழுந்தது எத்தனை, முன்னால் விழுந்தது எத்தனை? எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அது ஒரு நோய். முன்னும் பின்னும் சிதறினால் அது வேறு நோய். சாய்வதை கேமரா பாடியில் ஒரு எண்ணை மாற்றியே சரிக்கட்டலாம். சிதறுவதை எந்த எண்ணாலும் பிடிக்க முடியாது.

அப்புறம், எந்த ஃபோகஸ் மோட், எந்தப் புள்ளி, எவ்வளவு தூரம், எந்தப் பொத்தான்? இதெல்லாம் சொல்லாமல் லென்ஸைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

புதுக்கண்:
அண்ணா, எண்ணிப் பார்த்தேன். 21 பின்னால், 6 முன்னால். ஏஎஃப்-சி மோட் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து ஃபோகஸ் பார்ப்பது), நடுப்புள்ளி மட்டும். பின்பக்கம் இருக்கும் ஏஇ-எல் பொத்தானில் ஃபோகஸை வைத்திருக்கிறேன், ஒரு வீடியோவில் பார்த்து மாற்றியது. கண்ணில் நடுப்புள்ளியை வைத்து, பொத்தானை அழுத்தி விட்டு, கேமராவை லேசாகத் தாழ்த்தி ஃபிரேம் பண்ணி எடுப்பேன். கேமராவை நெட்டுக்குத்தாக நிமிர்த்திப் பிடித்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில்.

சில்வர் ஹாலைடு:
பாதி விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது.

டி7200 மாதிரி 1.5 கிராப் பாடியில், அதாவது முழு ஃபிரேமை விட ஒன்றரை மடங்கு சிறிய சென்சார் உள்ள கேமராவில், 50 எம்எம் லென்ஸை 1.4இல் வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 5 செ.மீ. கண்ணுக்கு முன்னால் இரண்டரை, பின்னால் இரண்டரை. இப்போது நீங்கள் கண்ணில் ஃபோகஸ் பிடித்துவிட்டு கேமராவைத் தாழ்த்துகிறீர்கள். நிமிர்ந்த ஃபிரேமில் கண்ணை மேல்பகுதிக்குக் கொண்டுபோக 9 பாகையாவது திருப்ப வேண்டும். லென்ஸ் ஃபோகஸ் செய்வது ஒரு தட்டையான தளத்தில். கேமரா திரும்பினால் அந்தத் தளமும் சேர்ந்து திரும்பும், கண் இருக்கும் பக்கத்தில் அது பின்னால் போய்விடும். ஒன்றரை மீட்டரில் 9 பாகைக்கு ஏறக்குறைய 1.9 செ.மீ. உங்களிடம் இருந்த இரண்டரையில் முக்கால்வாசி அங்கேயே போயிற்று. மூச்சு விடும்போது நீங்கள் அரை செ.மீ. அசைந்தாலும் கதை முடிந்தது. 21 பின்னால் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 2.8இல் ஆழம் 10 செ.மீ. ஆகிவிடுகிறது, அதனால்தான் தப்பிக்கிறீர்கள்.

அந்த 6? கேமரா மெனுவில் ஏஎஃப்-சிக்கான ஏ1 அமைப்பு வாங்கிய நாளிலிருந்து ‘ரிலீஸ்’ என்றே இருக்கும். ஃபோகஸ் முடிந்ததா இல்லையா என்று பாராமல் ஷட்டர் விழும். நீங்கள் பொத்தானை விடும்போது லென்ஸ் பாதி வழியில் இருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். இது சிதறல், நீங்கள் உண்டாக்கிய சிதறல்.

இதெல்லாம் போக, லென்ஸிலும் ஒரு சாய்வு மீதி இருக்கலாம். உங்களுடையது போல் உள்ளே கண்ணாடி மடங்கும் கேமராவில் ஃபோகஸ் பார்ப்பது படம் எடுக்கும் சென்சார் இல்லை. கேமராவின் அடிப்பகுதியில் அதற்கென்று தனி உணரி இருக்கிறது. வெளிச்சம் இரண்டு வழியில் போகிறது. இரண்டு வழியின் நீளமும் இம்மி பிசகினால் 1.4இல் அப்பட்டமாகத் தெரியும், 5.6இல் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள்.

கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, எழுத்து நிறைய இருக்கும் ஒரு மாத்திரை டப்பாவோ பிஸ்கட் டப்பாவோ லென்ஸுக்கு நேராக நிமிர்த்தி வையுங்கள். பக்கத்தில் ஒரு அடிஸ்கேலைச் சாய்த்து வையுங்கள், அதன் நடுக்கோடு டப்பாவின் முகப்புக்கு நேரே இருக்கட்டும். சாய்ந்த ஸ்கேலிலேயே ஃபோகஸ் பிடிக்காதீர்கள், பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தை விட உண்மையான உணரி பெரியது, ஸ்கேலில் எந்தக் கோட்டைப் பிடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. பகல் வெளிச்சம், ஏஎஃப்-எஸ் (ஒரு முறை ஃபோகஸ் பிடித்து நின்றுவிடும் மோட்), நடுப்புள்ளி, 1.4. ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸை இன்ஃபினிட்டிக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஃபோகஸ் பிடியுங்கள். பத்துப் படம். அதே இடத்தில் லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, இரண்டு படம். லைவ் வியூ சென்சாரையே பார்த்து ஃபோகஸ் செய்வதால் லென்ஸின் உண்மையான ஷார்ப்னஸ் அதில் தெரிந்துவிடும்.

நிழல்வெளிச்சம்:
அவர் சோதனை செய்யட்டும். கேட்ட கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டுமே.

1.4ஜி 2008இல் வந்தது, 280 கிராம், உள்ளே எட்டுக் கண்ணாடி வில்லை. 1.8ஜி 2011இல் வந்தது, 185 கிராம், ஏழு கண்ணாடி, அதில் ஒன்று ஆஸ்ஃபெரிக்கல் (கோள வளைவு இல்லாதது). விலை அதிகமானதில் அந்த ஆஸ்ஃபெரிக்கல் இல்லை என்பது வேடிக்கை. அகலத் திறந்து எடுத்தால் 1.4ஜியில் வெளிச்ச விளிம்புகளைச் சுற்றி ஒரு பால்வெள்ளைப் பூச்சு வரும். சிலருக்கு முகத்தில் அது பிடிக்கும், எனக்குப் பிடிக்கும். ஷார்ப் வேண்டும் என்பவருக்குப் பிடிக்காது. இரண்டிலும் ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை என்று விளிம்பில் சாயம் ஏறும். பட்டுப்புடவை ஜரிகையில் பளிச்சென்று தெரியும். ஃபோகஸ் வேகத்தை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இரண்டுமே நிதானமான ஆசாமிகள்.

1.4க்கும் 1.8க்கும் நடுவே மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஐஎஸ்ஓ 1600 இருந்த இடத்தில் 2500. அவ்வளவுதான் வித்தியாசம். டி7200 அதைத் தாங்கும்.

சிக்மா ஆர்ட் 2014இல் வந்தது. 1.4லேயே ஷார்ப், அதில் சந்தேகமே இல்லை. பதின்மூன்று கண்ணாடி, 815 கிராம். உங்கள் பாடி பேட்டரியோடு 765 கிராம். கேமராவில் லென்ஸ் மாட்டியதாகத் தோன்றாது, லென்ஸில் கேமரா மாட்டியதாகத் தோன்றும். தவிர, அந்த லென்ஸின் மூலை ஷார்ப்னஸுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள், கிராப் பாடி அந்த மூலையைப் பயன்படுத்தாது. ஆர்ட்டாக இருந்தாலும் 1.4இல் ஆழம் அதே 5 செ.மீ.தான், கேமராவைத் தாழ்த்தினால் அதிலும் காதுதான் ஷார்ப்.

கல்யாண கேமரா:
இதற்குத்தான் நான் மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினேன். நிக்கான் இசட் 50 1.8 எஸ் லென்ஸ். படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸ் பார்க்கும், முன் பின் சாய்வு என்ற பேச்சே இல்லை. கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும்.

தூண்டில்:
உண்மை. பாடியும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

புதுக்கண்:
சோதனை முடிந்தது. லைவ் வியூவில் 1.4லேயே மாத்திரை டப்பாவின் பொடி எழுத்து வரை படிக்க முடிகிறது. இந்த லென்ஸால் இது முடியும் என்று இத்தனை நாள் எனக்கே தெரியாது. வியூஃபைண்டர் வழியாக எடுத்த பத்தில் ஒன்பது பின்னால், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒன்றரை செ.மீ. போல. ஒன்று சரி.

நீங்கள் சொன்ன அந்த எண்ணை, பாடி மெனுவில் இருக்கும் ஃபைன் டியூனில், மைனஸ் 8 வைத்தேன். ஒன்றரை மீட்டரில் பத்துக்கு ஒன்பது டப்பா முகத்திலேயே விழுகிறது. சந்தோஷத்தில் 4 மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தேன், அங்கே முன்னால் விழுகிறது! மைனஸ் 3 வைத்தால் 4 மீட்டர் சரி, கிட்டத்தில் மறுபடி பின்னால். ராத்திரி ஹாலில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் மைனஸ் 8 போதாத மாதிரி இருக்கிறது. தலை சுற்றுகிறது அண்ணா.

சில்வர் ஹாலைடு:
சுற்ற வேண்டாம். நல்ல சேதிதான் கொண்டுவந்திருக்கிறீர்கள். சிதறல் இல்லை, சாய்வு மட்டும்.

பாடியில் ஒரு லென்ஸுக்கு ஒரே ஒரு எண்தான் வைக்க முடியும். லென்ஸின் சாய்வோ தூரத்துக்குத் தூரம் மாறுகிறது. சிக்மாவின் ஆர்ட் போன்ற லென்ஸ்களுக்கு யூஎஸ்பி டாக் என்று தனியாக விற்கிறார்கள், அதில் நாலு தூரத்துக்குத் தனித்தனியாகத் திருத்தலாம். அந்த வசதி இல்லாதவர்கள் எந்தத் தூரம் முக்கியம் என்று முடிவு செய்ய வேண்டியதுதான். 4 மீட்டரில் 1.4இலேயே ஆழம் சுமார் 36 செ.மீ. இருக்கிறது. அங்கே ஷார்ப் தளம் கொஞ்சம் முன்னால் விழுந்தாலும் ஆள் உள்ளேயே இருப்பார். கூட்டமாக நிற்பவர்களை நீங்கள் லென்ஸ் திறப்பை 4க்கு மூடித்தான் எடுப்பீர்கள். ஒன்றரை மீட்டரில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே கிட்டத்துக்கு வையுங்கள்.

மஞ்சள் பல்பு விஷயம் மனப்பிரமை இல்லை. லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. சிவப்பு மிகுந்த வெளிச்சத்தில் உணரி பார்க்கும் குவியம் வேறு, படத்தில் விழும் குவியம் வேறு. வளைகாப்பு நடக்கும் ஹாலுக்கு முதல் நாளே போய், அங்கே எரியும் விளக்கிலேயே பத்துப் படம் எடுத்து எண்ணை முடிவு செய்யுங்கள்.

தாழ்த்தும் பழக்கத்தை விடுங்கள். 51 புள்ளி இருக்கிறது, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளியை நகர்த்திப் பிடியுங்கள். ஓரப்புள்ளிகள் நடுவில் இருக்கும் 15 குறுக்குப் புள்ளிகள் (நெடுக்கிலும் குறுக்கிலும் பார்ப்பவை) அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் இல்லாதவை, ஆனாலும் 9 பாகைத் திருப்பலை விட மேல். ஏ1ஐ ‘ஃபோகஸ்’ என்று மாற்றுங்கள். 1.4 வேண்டாம், 2 வையுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுங்கள்.

புதுக்கண்:
வளைகாப்பு முடிந்தது. ஹாலில் பார்த்ததில் மைனஸ் 10 வந்தது, அதையே வைத்தேன். 2இல் எடுத்த நெருக்கமான முகங்கள் 60, கண்ணில் விழுந்தவை 49. தவறியவற்றில் பாதி சித்தி மகள் சிரித்துக் குனிந்தபோது எடுத்தவை, அதற்கு லென்ஸ் பொறுப்பில்லை. வளையல் அடுக்கும் கைகளை மட்டும் ஆசைக்கு 1.4இல் எடுத்தேன். மூன்றாவது வளையல் மட்டும் ஷார்ப், மற்றதெல்லாம் கரைந்துவிட்டது. சித்திக்கு அந்தப் படம்தான் பிடித்திருக்கிறது.

தூண்டில்:
அப்போ லென்ஸை விற்கவில்லையா?

புதுக்கண்:
இல்லை. ஆனால் அந்த ஹாலில் 50 ரொம்ப நெருக்கம், சுவரில் முதுகு ஒட்டிக்கொண்டு நின்றேன். நிக்கான் 35 1.8 டிஎக்ஸ் யாரிடமாவது விலைக்கு இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.