வல்லத்தில் நீர் அடைத்த ராத்திரி

பாம்பன் மகன்

போன ஐப்பசியில் நடந்தது. அப்பாவுக்கு 67 வயது. ராத்திரி நாலு தடவை எழுந்து போவதும், போனாலும் நின்று நின்று சொட்டுவதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். மீன் பிடிக்கப் போகிற வல்லத்தில், அதாவது படகில், ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார். "கடல்ல தண்ணி குறைஞ்சுபோச்சுன்னு ஊத்துறாரு" என்று கேலி செய்தவன் நான்தான். அது இன்னும் உறுத்துகிறது.

அன்றைக்கு வலை விட்டு ரெண்டு மணி நேரம் இருக்கும். அப்பாவுக்குச் சிறுநீர் சுத்தமாக அடைத்துவிட்டது. அடிவயிறு பறை மாதிரி இறுகிவிட்டது. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு வலையை இழுத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். கரைக்கு வந்து, 108 பிடித்து, பாலம் தாண்டி ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகையில் விடிந்துவிட்டது. டியூப் போட்டதும் பை நிறைந்துகொண்டே போனது. 1,200 மில்லி. 400, 500 சேர்ந்தாலே முட்டுமாம். அப்பா பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டையும் சுமந்துக்கிட்டா வலை இழுத்தேன்?"

டியூபோடு சில நாள் மாத்திரை. டியூபை எடுத்துப் பார்த்தார்கள், திரும்ப அடைத்தது. அப்புறம் மதுரையில் டி.யு.ஆர்.பி., அதாவது வழியை அடைத்த புராஸ்டேட் சுரப்பியை நீர்த்தாரை வழியாகவே சீவும் ஆபரேஷன். முதுகில் ஊசி, ஆள் முழிப்பாகத்தான் இருந்தார். வெளியே ஒரு தையல்கூட இல்லை. அதன்பின் ரெண்டு நாள் உப்புத் தண்ணீர் டியூப் வழியாக உள்ளே போய்ச் சிவப்பாக வெளியே வந்துகொண்டே இருந்தது. அது வெளுத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது நீர் நன்றாகப் போகிறது. ஆனால் அம்மா அக்காவிடம் ஏதோ சொல்ல, அக்கா பாதியை முழுங்கிவிட்டு மச்சானிடம் சொல்ல, மச்சான் என்னிடம் சொன்னது: அந்த நேரத்தில் ஒன்றுமே வெளியே வருவதில்லையாம். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தேவிபட்டினம் அண்ணன்

நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டீர்கள். நாங்கள் கிளம்பவில்லை.

தம்பிக்கு அப்போது 14. நடுராத்திரி 12 மணிக்கு வயிற்றுவலி என்றான், வாந்தி எடுத்தான். சூடு பிடித்திருக்கும் என்று அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினார். காலையில் காலை அகட்டி நடந்தான். கதவைச் சாத்தி நான் அதட்டிய பிறகுதான் காட்டினான். இடது விதை வீங்கி மேலே ஏறி நின்றது.

டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. ஒன்றும் சொல்லவில்லை, பையன் தலையில் கையை வைத்தார். அந்தக் கடிகாரம் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது.

விதை தொங்குகிற கொடி முறுக்கி ரத்தம் நின்றுபோயிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுமாம். எங்கள் பையனுடையது கறுத்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். வலதும் நாளைக்கு முறுக்கிவிடக் கூடாது என்று அதற்கும் தையல் போட்டு நிறுத்தினார்கள். இப்போது அவனுக்கு 19. அன்றிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கீழக்கரை காக்கா

பாம்பன் தம்பி, கத்திக்கு அவசரப்பட்டுவிட்டீர்கள். என் பெரியவாப்பா ஏழு வருஷமாக மாத்திரையிலேயே ஓட்டுகிறார். இந்த ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்று ஊரே சொல்கிறது. உங்கள் வீட்டுச் சேதியும் அதைத்தானே சொல்கிறது?

என் கதை கல். துபாய் வெயிலில் 11 வருஷம், கக்கூஸ் தூரம் என்று தண்ணீர் குடிக்காமலே வேலை. லேசரில் உடைத்து, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்பினார்கள். நாலு வாரத்தில் வந்து எடுத்துக்கொள் என்று சீட்டில் எழுதியிருந்தது. வலி போனதும் சீட்டும் போச்சு. 14 மாசம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், ஸ்டென்ட் சுருண்ட ரெண்டு முனையிலும் கல் கட்டியிருந்தது. கடலில் கிடந்த கயிற்றில் சிப்பி பிடிக்குமே, அதே மாதிரி. கல்லுக்கு ஒரு ஆபரேஷன், கல்லை எடுக்க வைத்த குழாய்க்கு மூன்று!

ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன். தண்ணீரை அளந்து குடிக்காதீர்கள், வெளியே போவதை அளங்கள். ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் போக வேண்டும் என்றார் டாக்டர். கல் என்றதும் பாலை நிறுத்துகிறார்கள், அது தப்பு. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, கல்லை உண்டாக்குகிற ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளுமாம். உப்பைக் குறையுங்கள். கருவாடு தின்கிற ஊரில் இதை யாரிடம் சொல்ல! ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்கும் தேதியை போனில் மட்டும் குறிக்காதீர்கள், பெண்டாட்டியிடமும் சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற சிஸ்டர், மண்டபம்

காக்கா, உங்கள் ஸ்டென்ட் பாடம் சரி. ஆண்மை விஷயத்தில் ஊர் சொல்வது தப்பு. 22 வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவள், கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே நீர்த்தாரையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வயசில் 20 கிராம், முதுமையில் அது பல மடங்காகவும் பெருக்கும். டி.யு.ஆர்.பி.யில் நீர்த்தாரை வழியாகவே கருவியை விட்டு, உள்பக்கச் சதையைச் சீவிச் சீவி எடுப்பார்கள். பனங்காயில் விரலைப் போட்டு நுங்கை நோண்டினாலும் காய் அப்படியேதானே இருக்கிறது? விறைப்புக்கான நரம்புகள் அந்தக் காய்க்கு வெளியே, ரெண்டு ஓரமாகவும் ஓடுகின்றன. அவற்றைப் பெரும்பாலும் இது தொடுவதில்லை. புற்றுநோய்க்காகக் காயையே முழுசாக எடுக்கும்போதுதான் நரம்புக்கு ஆபத்து. அதிலும் நரம்பைக் காப்பாற்றி எடுக்கும் முறையை 1982-இல் அமெரிக்காவில் பாட்ரிக் வால்ஷ் என்ற டாக்டர் செய்து காட்டினார். ரெண்டு ஆபரேஷனையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வருகிற பயம் இது.

தம்பி கேட்டதற்குப் பதில்: சிறுநீர்ப்பையின் வாய் அந்த நேரத்தில் இறுக மூடிக்கொள்ளும். சீவிய பிறகு அது மூடுவதில்லை. விந்து முன்னால் வராமல் பைக்குள் போய், அப்புறம் சிறுநீரோடு கலங்கலாக வெளியேறும். இந்த ஆபரேஷன் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்டு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, சுகமும் குறையாது என்பவர்களே அதிகம். குழந்தை வேண்டுமென்கிற வயசில் இருப்பவர்கள்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. அன்று கடலுக்குப் போகும் முன் அப்பா சளி மாத்திரை ஏதாவது போட்டாரா? மூக்கடைப்புக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் பையின் வாயை இறுக்கிவிடும். மழைக்காலத்தில் இப்படி அடைத்துக்கொண்டு வந்த பெரியவர்கள் எங்கள் வார்டில் நிறைய.

தேவிபட்டினம் தம்பி, உங்கள் தம்பிக்கு ஒன்று போதும், குழந்தை பிறக்கும். அவனிடம் யாராவது சொன்னீர்களா?

பாம்பன் மகன்

சிஸ்டர், போட்டார். பெட்டிக்கடையில் வாங்கி ரெண்டு நாள்.

மற்றதை அப்பாவிடம் நான் எப்படிச் சொல்வது என்று மச்சானை அனுப்பினேன். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். டாக்டர் அன்றைக்கே அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம். இதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்பாதான் இத்தனை மாசமாகச் சும்மா இருந்திருக்கிறார்.

தேவிபட்டினம் அண்ணன்

இல்லை சிஸ்டர். யாரும் சொல்லவில்லை.