எக்ஸ்ரேயில் காற்று தெரியவில்லையாம், அப்புறம் சிடி ஸ்கேன் எதற்கு?

குரோம்பேட்டைவாசி:
அப்பாவுக்கு 64 வயது. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று விடியற்காலை திடீரென்று மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, அப்போதிலிருந்து அசையாமல் கிடக்கிறார், வயிற்றைத் தொடவே விடவில்லை. குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்று ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஓட்டை வழியாக வயிற்றுக்குள் கசிந்த காற்று எதுவும் அதில் தெரியவில்லை. இப்போது சிடி வேண்டும் என்கிறார்கள். சித்தப்பா, பில் ஏற்றப் பார்க்கிறார்கள், வீட்டுக்குக் கூட்டி வா என்கிறார். வெறும் அல்சர் வலியாக இருக்காதா?

சர்ஜரி பிஜி:
தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். அசையாமல் கிடக்கிறார் என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. கிட்னி கல் வலி என்றால் புரண்டு துடிப்பார்கள். இரைப்பையில் ஓட்டை விழுந்து ஆசிட் உள்ளே பரவினால் மூச்சு இழுக்கவே பயப்படுவார்கள், வயிறு பலகை மாதிரி இறுகிவிடும். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அந்த இறுக்கம்கூடச் சரியாகத் தெரியாது. ஓட்டை இருந்தும் எக்ஸ்ரேயில் காற்று தெரியாதவர்கள் நிறையப் பேர். சிடியில் சின்னக் குமிழிகூடத் தெரியும், ஓட்டை எந்த இடம் என்பதும் பெரும்பாலும் பிடிபடும். ஈசிஜி எடுத்தார்களா? மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரும்.

எக்ஸ்ரே டெக்னீஷியன்:
நிற்கவைத்து எடுத்தார்களா, படுக்கவைத்தா? பத்து நிமிஷமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால்தான் காற்று மேலே ஏறி, வலப்பக்கம் கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே கருப்புக் கோடாகத் தெரியும். உட்கார முடியாதவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுப்போம்.

குரோம்பேட்டைவாசி:
படுக்கவைத்துத்தான் எடுத்தார்கள். ஈசிஜி பரவாயில்லை என்றார்கள். ரத்தத்தில் லைபேஸ் (கணையத்தில் சுரக்கும் நொதி) கொஞ்சம் கூடியிருக்கிறது, அப்படியென்றால் கணையத்தில் பிரச்சினையா? அம்மா கஞ்சி கொண்டுவந்திருக்கிறார், கொடுக்கலாமா?

சர்ஜரி பிஜி:
கஞ்சி வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம், டிரிப்ஸ் போதும். ஓட்டை விழுந்தாலும் லைபேஸ் ஓரளவு கூடும், அதை வைத்துக் கணையம் என்று முடிவு கட்ட முடியாது. சிடி கேட்பதே இதற்காகத்தான்: ஓட்டை என்றால் பெரும்பாலும் உடனே ஆபரேஷன், தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து, கணைய வீக்கம் மட்டும் என்றால் இப்போதைக்கு வயிற்றைத் திறக்கவே வேண்டியிருக்காது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், கூடியிருந்தால் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி இல்லாமலே எடுக்கலாம், காற்று அதிலும் தெரியும். செலவுதான் தடை என்றால் டூட்டி டாக்டரிடம் சொல்லி ரெஃபரல் வாங்கி, 108-இல் சென்ட்ரல் எதிரே உள்ள ஜிஎச்சுக்குக் கொண்டுபோங்கள், எக்ஸ்ரே படத்தையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.