மல்லிகைச் செடியில் இலையை உருவலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம் பக்கம் வீட்டுக்குப் பின்னால நாப்பது குண்டுமல்லிச் செடி இருக்கு. நம்ம தீவுல போடுற பதியன்தான், நாலு வயசு ஆச்சு. மணல் பூமி, கிணத்துத் தண்ணி இன்னும் உப்பேறல.

போன வருசம் கவாத்து பண்ணாம, அதாவது கிளையை வெட்டிவிடாம விட்டுட்டேன். செடி இடுப்பு உயரத்துக்குப் புதர் மாதிரி மண்டிப்போச்சு. இலை மட்டும் கருகருன்னு இருக்கு, மொட்டு வெளிப்பக்கத்துல மட்டும்தான். உள்ள வெயிலே படல. புதுக் கிளையிலதான் மொட்டு வரும்னு தெரிஞ்சும் வெட்ட மனசு வரல, அது என் தப்புதான்.

நவம்பர் கடைசி வாரத்துல தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டி, செடிக்கு 10 கிலோ தொழு உரம் வைக்கச் சொல்றாங்க. ஆனா நமக்கு அப்பத்தானே அடைமழை? வெட்டின வாயில தண்ணி இறங்கி கிளை அழுகிடுமோன்னு பயமா இருக்கு. மழை விட்டு, தை பொறந்ததும் வெட்டுனா பங்குனிப் பூ தள்ளிப்போயிடுமா?

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். வெட்டினதுக்கு அப்புறம் மிச்ச இலையையும் கையால உருவிவிட்டா துளிர் சேர்ந்தாப்புல வரும்னு பக்கத்துத் தோட்டத்து அக்கா சொல்றாங்க. தண்ணியை நிறுத்தினா இலை தானா உதிரும், கை வைக்காதேன்னு எங்க அப்பா சொல்றார். உப்புக்காத்து அடிக்கிற இடத்துல செஞ்சு பார்த்தவங்க யாராவது இருந்தா, எந்த மாசம் வெட்டுனீங்க, எத்தனை நாள்ல மொட்டு வந்துச்சுன்னு சொல்லுங்க. பாம்பன், மண்டபம் பக்கத்து ஆளுங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.