‘ஒழுக்கச் சூழல்’ வேண்டாம், ‘அறச்சூழல்’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வைத்தியசாலைகளில் தாதியரின் பணிநிலை பற்றிய வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்குவதற்காக இங்கு எழுந்த உரையாடலில், ‘ethical climate’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘ஒழுக்கக் காலநிலை’, ‘ஒழுக்கச் சூழல்’, ‘நெறிமுறைச் சூழல்’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. கொழும்பில் தாதியருக்கான பயிற்சிக் குறிப்புகளை மொழிபெயர்த்து வருபவன் என்ற முறையில், இம்மூன்றையும் விடுத்து ‘அறச்சூழல்’ என்பதையே ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1988 இல் விக்டர், கலன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் தொழில் நிறுவனங்களை ஆராய்ந்தபோது, எது சரியான நடத்தை, சரி பிழை பற்றிய சிக்கல் எழுந்தால் அது எவ்வாறு கையாளப்படும் என்பவை குறித்து ஓரிடத்தில் பணிபுரிவோர் பொதுவாகக் கொண்டிருக்கும் உணர்வையே இப்பெயரால் குறித்தனர். பத்து ஆண்டுகளின் பின்னர், 1998 இல், தாதியியல் ஆய்வாளர் லிண்டா ஓல்சன் அதனை வைத்தியசாலைக்குப் பொருத்தி 26 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். சக தாதியர், நோயாளர், முகாமையாளர், வைத்தியசாலை நிருவாகம், வைத்தியர் ஆகிய ஐந்து தரப்புகளுடனும் தாதிக்குள்ள உறவை அது கேட்டறிகிறது. தன் கவலையைச் சொன்னால் காதுகொடுப்பார்களா, முரண்பாடு எழுந்தால் வெளிப்படையாகப் பேசுவார்களா, பொறுப்பாளரை நம்பலாமா என்ற போக்கிலேயே வினாக்கள் அமைகின்றன. தாதி நல்லவரா என்று அதில் எங்கும் கேட்கப்படுவதில்லை. அளக்கப்படுவது இடம், ஆள் அன்று.

இங்கேதான் ‘ஒழுக்கம்’ என்ற சொல் இடறுகிறது. இலங்கையின் அரச சேவையில் இருக்கும் எவரும் அச்சொல்லைக் கண்டதும் ‘ஒழுக்காற்று விசாரணை’, ‘ஒழுக்காற்று நடவடிக்கை’ என்பவற்றையே நினைப்பார்கள். அரச சேவை விதிகளின் தொகுப்பான தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி முழுவதும் அதைப் பற்றியதே. வைத்தியசாலை விடுதியில் இரவுக் கடமை முடித்து வரும் தாதிய உத்தியோகத்தர் ஒருவரிடம் ‘உங்கள் விடுதியின் ஒழுக்கச் சூழல்’ என்று தலைப்பிட்ட தாளை நீட்டினால், தம்மீதோ தம் சகபாடிகள்மீதோ குறை தேடுகிறார்கள் என்றே அவர் எண்ணுவார். எண்ணிய பின்னர், பாதுகாப்பான விடைகளையே தெரிவுசெய்வார். அதற்குமேல் அன்றாடப் பேச்சில் ஒழுக்கம் என்பது தனிமனித நடத்தையை, அதிலும் பெண்களின் நடத்தையை அளக்கும் கோலாகவே பெரிதும் வழங்குகிறது. பெண்களே பெரும்பான்மையாக உள்ள தொழிலொன்றின் ஆய்வில் அந்த நிழல் விழவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘காலநிலை’ குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழையையும் வெயிலையும் குறிக்கும் சொல்லாக அது பாடசாலை முதலே பதிந்துவிட்டது. ‘நெறிமுறை’ அதைவிட நல்ல சொல், ஆயினும் அது விதிகளையும் கோவைகளையும் சுட்டி நிற்கிறது. விக்டரும் கலனும் தரவுகளில் கண்ட ஐந்து வகைகளுள், நிறுவன விதிகளின் வழியும் சட்டம், தொழிற்கோவைகளின் வழியும் நடக்கும் சூழல்கள் இரண்டு மட்டுமே. பிறர் நலன் பேணும் சூழலும், தன்னலமே மேலோங்கும் சூழலும் அவற்றுள் அடங்கும். அவ்விரு வகைகளின் பெயரை முழுமைக்கும் இட்டால், விதிகள் யாவும் சுவரில் ஒட்டப்பட்டிருந்தும் எவரும் வாய்திறக்க அஞ்சும் விடுதியை எப்படி விவரிப்பது?

‘அறம்’ என்றால் தானதருமம் என்றே மக்கள் கொள்வார்கள் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். ‘அறக்கட்டளை’ போன்ற சொற்களில் அப்பொருள் இருப்பது உண்மை. ஆனால் ‘அறவியல்’ என்ற துறைப்பெயர் நிலைபெற்றுவிட்டதால், ஆய்வுச் சூழமைவில் மயக்கம் நேராது. ‘சூழல்’ என்பதைப் பௌதிகச் சூழலுக்கே விட்டுவிட வேண்டும் என்ற மறுப்புக்கு, ‘பணிச்சூழல்’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதே விடை. ஆழமாக வேரோடிய விழுமியங்களைக் குறிக்கும் வேறு கருத்தாக்கத்துக்கு ‘அறப்பண்பாடு’ என்பதை ஒதுக்கிவைத்தால், இரண்டும் குழம்பா.

இனி, இதனோடு பிரிக்க முடியாத இன்னொரு சொல். செய்ய வேண்டியது எது என்று தெரிந்திருந்தும், நிறுவனத் தடைகளால் அதைச் செய்ய இயலாதபோது தாதிக்கு நேரும் வேதனையை 1984 இல் மெய்யியலாளர் அன்ட்ரூ ஜேம்ற்றன் ‘moral distress’ என்று தனியாகப் பெயரிட்டார். எது சரியென்று தெரியாத ஐயத்திலிருந்தும், இரண்டு கடமைகள் மோதும் இருதலைக்கொள்ளி நிலையிலிருந்தும் அவர் அதைப் பிரித்துக் காட்டினார். கொழும்பு விடுதிகளில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சிங்களம் தெரியாத நோயாளியிடம் சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் கையொப்பம் பெறுமாறு தமிழ் தெரிந்த தாதி அவசரமாக அழைக்கப்படுகிறார். அந்த நோயாளிக்கு எதுவும் விளங்கவில்லை என்பது தாதிக்குத் தெரிகிறது, விளக்குவதற்கோ நேரமுமில்லை, அவருக்கு அதிகாரமுமில்லை. 2022 ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டபோது, நோயாளருக்கும் உறவினருக்கும் முகங்கொடுத்து நின்றவர்களும் தாதியரே.

இதற்கு மட்டக்களப்புச் சகோதரி தந்த ‘அறக்கையறவு’ அழகும் ஆழமும் உடையது. புறத்திணையின் கையறுநிலை உடனே நினைவுக்கு வருகிறது. எனினும் அது இழந்து நிற்பவரின் புலம்பலைச் சுட்டுவது. தடை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. ‘உளநெருக்கீடு’ (மன அழுத்தம்) நம் நாட்டில் தாதியர் அனைவரும் அறிந்த சொல்லாகையால், அதை அடியொற்றி ‘அறநெருக்கீடு’ என்கிறேன். நெருக்குவது ஒன்று வெளியே இருக்கிறது என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. அறச்சூழல் நலிந்த இடங்களில் அறநெருக்கீடு மிகுவதையும், பணித்திருப்தி குறைந்து வேலையைவிட்டு விலகும் எண்ணம் வலுப்பதையும் பல நாட்டு ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருவதால், இவ்விரு சொற்களும் ஒரே வேரில் அமைவது வாசகருக்கும் உதவும்.

ஒரு சொல் இன்னும் எஞ்சியுள்ளது. நெருக்கடி கடந்த பின்னரும் வேதனை முற்றாக வடிவதில்லை. ஒவ்வொரு நிகழ்வும் சிறிது மிச்சம் வைக்க, அடுத்த நிகழ்வு அந்த மட்டத்திலிருந்தே ஏறுகிறது என்று எப்ஸ்ரைனும் ஹம்ரிக்கும் 2009 இல் விளக்கினர். ‘அறவடு’ என்பது போரில் நேர்ந்தவை மனச்சாட்சியில் விடும் காயம் (moral injury) என்ற வேறு கருத்துக்கே பொருந்தும் என்பதால், அம்மிச்சத்துக்கு (moral residue) ‘நெருக்கீட்டு எச்சம்’ என்பதை முன்மொழிகிறேன். விடுதிகளில் பணிபுரியும் உறுப்பினர்கள் இதனைத் தம் சகபாடிகளிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்பதை எழுதுமாறு வேண்டுகிறேன்.