பி.எட். சான்றிதழ் உண்மைதானா என்று யாரிடம் கேட்பது?

உசிலம்பட்டி பள்ளி ஆபீஸ்:
எங்கள் மெட்ரிக் பள்ளிக்கு ஜூன் முதல் கணக்கு டீச்சர் தேவை. வந்த விண்ணப்பங்களில் நன்றாக இருப்பது ஒன்றுதான். பி.எஸ்சி. மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. பி.எட். வடமாநிலப் பல்கலைக்கழகம், ரெகுலர், 2016 தேர்ச்சி. 2015-16இல் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றும் இருக்கிறது. பி.எட். சான்றிதழில் ஹோலோகிராம், முத்திரை, க்யூஆர் கோடு எல்லாம் பளிச்சென்று இருக்கு. கரஸ்பாண்டன்ட் (பள்ளித் தாளாளர்) "ஸ்கேன் பண்ணிப் பாத்தாச்சு, பேரு வருது, ஆர்டர் போடுங்க" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. யாருக்கு எழுதிக் கேட்பது? ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டால் தெரியுமா?

மாட்டுத்தாவணி மாறன்:
மார்க்ஷீட்டில் போன் நம்பர் இருக்குமே சார். அடிச்சுக் கேட்டா முடிஞ்சது.

பல்கலை நகர்:
அந்த நம்பருக்கு மட்டும் அடிக்காதீர்கள். போலி அச்சடித்தவனே எடுத்து "ஆமாம், எங்க ஸ்டூடன்ட்தான்" என்பான். க்யூஆர் கோடும் அப்படித்தான். அது வெறும் இணைய முகவரி. பல்கலைக்கழகத்தின் பெயரில் ஓரெழுத்தை மாற்றித் தளம் வாங்கி, அதில் பெயரையும் மதிப்பெண்ணையும் ஏற்றி வைத்திருப்பார்கள். ஸ்கேன் செய்ததும் திறக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பல்கலைக்கழகத்தின் தளத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலிலிருந்து நீங்களே எடுத்து, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். தாளின் தரம், ஹோலோகிராம் இதையெல்லாம் நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

காகிதத்தைவிட வருடக் கணக்குதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்சிடிஇ-யின் 2014 விதிமுறைப்படி, 2015-16 கல்வியாண்டிலிருந்து பி.எட். இரண்டு வருடம். 2014இல் சேர்ந்த ஓராண்டு பேட்ச் 2015இல் வெளியே வரும். 2015இல் சேர்ந்தவர்கள் 2017இல்தான் வருவார்கள். ரெகுலரில் 2016 தேர்ச்சி என்றால் அரியர் எழுதியிருக்க வேண்டும், அல்லது அந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்வு தள்ளிப்போயிருக்க வேண்டும். இரண்டும் நடப்பதுதான், அதனால் இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் தேர்வெழுதினார் என்று கேளுங்கள்.

எனக்கு அதைவிட உறுத்துவது அனுபவச் சான்று. இரண்டு வருட பி.எட்.டில் வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். இரண்டாம் வருடத்தில் பயிற்சி மட்டும் 16 வாரம். ஓராண்டுப் படிப்பும் வருகைப்பதிவு உள்ளதுதான். வடமாநிலத்தில் உட்கார்ந்து படித்தவர் அதே வருடம் திருமங்கலத்தில் பாடம் நடத்தியிருக்க முடியாது. வகுப்பு 2015இலேயே முடிந்து அரியரோ தள்ளிப்போன தேர்வோ மட்டும் 2016இல் எழுதியிருந்தால் தவிர, இரண்டில் ஒரு காகிதம் பொய். பல்கலைக்கழகத்துக்கு எழுதும் முன் அந்தப் பள்ளிக்கு ஆளனுப்பி, அந்த வருட வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு பஸ் டிக்கெட்தான்.

இன்னொன்று, உள்ளூர்ச் சான்றிதழ்களுக்கு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் செமஸ்டர் மார்க்ஷீட்டைக் கல்லூரியே தரும், அதன் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்தோடு. பட்டம் மட்டும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் எல்லாம் இப்படித்தான். இந்த வித்தியாசம் தெரியாதவன் அடிக்கும் போலியில் எல்லாமே பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். அதேபோல, தமிழ்நாட்டு பி.எட். கல்லூரிகளுக்கென்றே ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல் வந்துவிட்டது. அதற்குப் பல வருடம் கழித்து இங்கே ரெகுலர் பி.எட். படித்ததாகச் சொல்பவர் காமராசர் பல்கலைப் பட்டம் நீட்டினால் விசாரியுங்கள். தொலைநிலைக் கல்வி என்றால் கதை வேறு. ஓய்வு பெற்றவர்களை எடுக்கும்போது இதற்கு நேர்மாறான குழப்பம் வரும்: நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்த 1990க்கு முன் திருநெல்வேலிக் கல்லூரியில் படித்தவருக்கு மதுரைப் பட்டம்தான் இருக்கும். அது சரியானதே.

கப்பலூர் எச்ஆர்:
நடைமுறையைச் சொல்கிறேன். முதலில் விண்ணப்பதாரரிடம் "என் சான்றிதழ்களைச் சரிபார்க்கச் சம்மதம்" என்று எழுதி வாங்குங்கள். போலிக்காரர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே வேறு வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார்கள்.

பிறகு பள்ளி லெட்டர்ஹெட்டில் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு உண்மைத்தன்மை கேட்டுக் கடிதம். பதிவு எண், தேர்ச்சி பெற்ற மாதம், வருடம், மார்க்ஷீட் வரிசை எண் எழுதி, நகல்களை இணையுங்கள். கட்டணமும் செலுத்தும் முறையும் இடத்துக்கு இடம் வேறு, அந்தந்தத் தளத்தில் இருக்கும். முக்கியமானது, பதில் நேராகப் பள்ளிக்கு வரவேண்டும். "நானே போய் வாங்கிட்டு வந்துடறேன் சார்" என்றால் கையில் கொடுக்காதீர்கள், வருவதும் அதே பிரஸ்ஸில் அடித்த கடிதமாக இருக்கும்.

பி.எட்.டுக்குக் கூடுதலாக ஒன்று. அந்தக் கல்லூரிக்கு அந்த வருடம் என்சிடிஇ அங்கீகாரம் இருந்ததா பாருங்கள். பல்கலைக்கழகம் உண்மையாகவே இருந்தாலும் கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லையென்றால் அந்தப் பட்டம் ஆசிரியர் வேலைக்குச் செல்லாது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மார்க்ஷீட்டுக்கு அரசுத் தேர்வுகள் துறை.

அவருக்கு டிஜிலாக்கர் (அரசின் இணைய ஆவணப் பெட்டகம்) இருந்தால் வேலை சுலபம். ஆனால் "இஷ்யூட்" பகுதியில் இருப்பதை மட்டும் பாருங்கள். அங்கேதான் பல்கலைக்கழகம் நேரடியாக ஏற்றியது இருக்கும். மற்றொரு பகுதியில் யார் வேண்டுமானாலும் எதையும் ஸ்கேன் செய்து ஏற்றலாம். பழைய வருடச் சான்றிதழ்கள் அங்கே இல்லாமல் போவது சகஜம், அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம்.

உசிலம்பட்டி பள்ளி ஆபீஸ்:
ரொம்ப நன்றி. இன்று கேட்டதும் பி.எட். ஒரிஜினல் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்கிறார். கையில் இருப்பது கலர் ஜெராக்ஸாம். இனிஷியலும் பி.எஸ்சி.யில் ஒன்று, பி.எட்.டில் விரித்து எழுதியிருக்கு.

வைகைக்கரை வக்கீல்:
இனிஷியலை விடுங்கள், வடக்கே அப்பா பெயரை முழுதாக எழுதித்தான் பதிவார்கள். தொலைந்தது உண்மையென்றால் காவல்துறை தளத்தில் தொலைந்த ஆவணத்துக்குப் பதிவு செய்த ரசீதைக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் படி வாங்கலாம், அதில் "டூப்ளிகேட்" என்று குறிப்பு இருக்கும். உங்கள் கடிதத்துக்கு ஒரிஜினல் தேவையில்லை, பதிவு எண் போதும்.

ஆர்டிஐ வேண்டாம். தனிநபர் விவரம் என்று 8(1)(ஜெ) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம். சம்மதக் கடிதத்தோடு பள்ளி நேராகக் கேட்பதே சுருக்கு வழி.

போலி என்று எழுத்தில் வந்துவிட்டால், போலிச் சான்றை உண்மையெனக் கொடுத்ததற்கு பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 340(2), ஏமாற்றியதற்கு 318(4). வேலை வாங்கப் போலி ஆவணம் தயாரித்தது 336(3)இல் வரும், ஏழு ஆண்டு வரை. 1.7.2024க்கு முன் நடந்ததற்குப் பழைய ஐபிசி. உங்கள் ஊர் மதுரை மாநகரக் காவல் எல்லைக்கு வெளியே, அதனால் புகார் மாவட்டக் குற்றப்பிரிவுக்கு. பட்டம் தர அதிகாரமே இல்லாமல் பட்டம் விற்ற நிறுவனத்துக்கு யுஜிசி சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய், 1956இல் வைத்தது!

பதில் வர வாரக்கணக்கில் ஆகும், ஜூன் காத்திருக்காது. அவரையே எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், "நியமனம் தற்காலிகம், சான்றிதழ்களின் உண்மைத்தன்மை உறுதியாவதற்கு உட்பட்டது" என்ற வரியை ஆர்டரிலேயே சேர்த்து, கீழே அவர் கையெழுத்து வாங்குங்கள். அந்த வரி இல்லாமல் ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு போலி என்று தெரிந்தாலும், நோட்டீஸ், விளக்கம், விசாரணை என்று போய்த்தான் நிறுத்த முடியும். கரஸ்பாண்டன்டிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஸ்கேனை மறந்துவிடுவார்.